214-ம் ஒரு முட்டையும்

ராயபுரம்,
25 மே 2025

பாப்பாவுக்கு நைனா எழுதுறது.

இங்க எல்லாரும் நல்லாயிருக்கோம். கத்திரி இன்னும் முடியல. தடைக்காலம் ஜூன் 14 வரைக்கும் இருக்கு. காசிமேட்டுல விசைப்படகு எல்லாம் கட்டியே கிடக்கு, வஞ்சிரம் பக்கமே போக முடியல. உங்க அம்மா கருவாட்டுலயே ஓட்டிட்டு இருக்கா. ஆயாவுக்குக் கால் வீக்கம் வத்திடுச்சு. சாப்பாட்டை வேளைக்குச் சாப்பிடு.

ஐரோப்பா நாடுங்க மோதற பாட்டுப் போட்டி, அந்த யூரோவிஷன் முடிஞ்சதும் "பாத்தேன் நைனா"ன்னு ஒரு வரி அனுப்பின. அதோட சரி. போன வருஷம் சுவிஸ் நாட்டு நெமோ ஜெயிச்சப்ப விடியற வரைக்கும் வாய்ஸ் மெசேஜா போட்டுத் தள்ளினவ நீ. இந்த வாட்டி உன் பாசல்லயே நடந்துச்சு. அந்த ஊர்ல பொறந்த ஸோயே மே சுவிஸுக்காகப் பாடிச்சு. ஒவ்வொரு நாட்டு நடுவருங்களும் சேந்த ஜூரி 214 பாயிண்ட் குடுத்து ரெண்டாவது எடத்துல உக்கார வெச்சுது, ஜனங்க ஓட்டுல முட்டை. நியாயமா நீ என்னோட சண்டைக்கு வந்திருக்கணும். "பாத்தியா உன் ஜனங்க லட்சணத்தை"ன்னு கேட்டிருக்கணும். ஜனங்க கட்சி நானு, ஜூரி கட்சி நீ, இது நம்ம வீட்டுல தீராத வழக்கு. நீ வாயைத் தொறக்கல. அதனால ரெண்டு கட்சிக்கும் நானே பேசிடறேன்.

மொதல்ல அந்த முட்டை. முட்டைன்னா ஒருத்தரும் ஓட்டுப் போடலைன்னு அர்த்தம் கெடையாது. ஒவ்வொரு நாட்டுலயும் விழுந்த ஓட்டை எண்ணி வரிசை போடுவாங்க. மொத எடத்துக்கு 12, ரெண்டாவதுக்கு 10, அப்புறம் 8, 7, 6ன்னு எறங்கி பத்தாவதுக்கு 1. பதினொண்ணாவதுக்கு ஒண்ணும் இல்ல. இந்த வாட்டி போட்டியில இருந்த 37 நாட்டுல சுவிஸ்காரங்க சுவிஸுக்குப் போட முடியாது, மீதி 36. போட்டியில இல்லாத நம்மள மாதிரி நாடுங்க அத்தனையும் சேத்து ஒரே ஒரு நாடு கணக்கு. ஆக 37 பெட்டி. அத்தனை பெட்டியிலயும் ஒரு பாட்டு பதினொண்ணாவதா வந்தாக்கூட கூட்டினா பூஜ்யம்தான். நான் போட்ட ஓட்டும் அந்த முட்டைக்குள்ளதான் இருக்கு. நீ அங்கயிருந்து போட முடியாததை நான் இங்கயிருந்து போட்டேன்.

சொல்ல மறந்துட்டேன், கார்டு விஷயம். இந்த 2025 போட்டிக்கு ஒரு ஓட்டு 0.99 யூரோ, ஒரு கார்டுல 20 ஓட்டு வரைக்கும் போட முடிஞ்சுது. நம்ம ஊர் கார்டு பலதுல வெளிநாட்டு உபயோகம் அணைச்சே இருக்கும். பேங்க் ஆப்ல போய் அதைத் தொறந்து, வரம்பையும் ஏத்தி வெக்கணும். பாட்டு ஓடுறப்ப இதைப் பண்ண ஆரம்பிச்சா நேரம் முடிஞ்சிடும், முன்னாடியே பண்ணிடணும். யூரோ மாத்துற கமிஷன் தனியா புடிப்பாங்க. ஓட்டுப் போட்டு முடிச்சதும் மறுபடி அணைச்சிடணும். உங்க அண்ணன்கிட்ட எவ்ளோ செலவுன்னு சொல்லிக்காதே.

ஜனங்க ஏன் போடலைங்கறதுக்கு வர்றேன். ஜூரியில ஒவ்வொருத்தரும் எல்லாப் பாட்டையும் மொதல்லேருந்து கடைசி வரைக்கும் வரிசைப்படுத்தியே ஆகணும். அங்க நாலாவதா புடிச்ச பாட்டுக்கும் ஒரு மரியாதை உண்டு. ஓட்டுப் போடற ஜனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்ல. அந்த 20 ஓட்டைப் பிரிச்சும் போட்டிருக்கலாம், ஆனா காசு குடுத்துப் போடறவன் பிரிக்க மாட்டான், உயிரா நெனைக்கிற ஒண்ணுக்கே கொட்டுவான். எல்லா வீட்டுலயும் "நல்லாயிருக்கே"ன்னு சொல்லிட்டு யாரும் போன் எடுக்காத பாட்டு ஒண்ணு வருஷா வருஷம் இருக்கும். இந்த வருஷம் அது ஸோயே மே பாடின வொயாஜ்.

அது போக, மைக் செட்காரனா ஒண்ணு சொல்றேன். அந்தப் பாட்டு மெதுவா ஆரம்பிச்சு மெதுவாவே ஏறுது. மேடையில ஒரே பொண்ணு, ஆட்டம் இல்ல, கேமரா மூஞ்சிக்குக் கிட்டயே நிக்குது. குரல்ல உள்ள ஏத்த எறக்கம்தான் அதுக்குச் சொத்து. 26 பாட்டுல 19-ஆவது. அந்நேரம் எந்த வீட்டுலயும் சத்தம் அடங்கி இருக்காது. பேச்சு, சிரிப்பு, தட்டுச் சத்தம். டிவியிலயும் போன் ஸ்பீக்கர்லயும் அடிக்குரல் காணாமப் போயிடும், மேல இருக்கறது மட்டும்தான் காதுக்கு வரும். ஜூரி அப்படிக் கேக்கறதில்ல, ஓட்டுப் போடறதுக்குன்னே உக்காந்து கேக்கறாங்க. அதுவும் அவங்க மார்க் போட்டது வெள்ளிக்கிழமை ராத்திரி ஒத்திகையைப் பாத்து. சனிக்கிழமை அந்தப் பொண்ணு இன்னும் நல்லா பாடியிருந்தாலும் அந்த 214 ஏறாது, சொதப்பியிருந்தாலும் கொறையாது. இது எத்தனையோ பேருக்குத் தெரியாது. முடிவுல பாதி மொத நாளே உறைக்குள்ள போயிடுது. அது தெரியாம சனிக்கிழமை பாடினதை நெனைச்சு நெனைச்சு மனசைக் கெடுத்துக்கறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல.

ஆனா எனக்கு ஜூரி மேல கோவமே இல்லைன்னு நெனைக்காதே. இந்த வாட்டி ஒரு நாட்டுக்கு அஞ்சு பேர், 37 நாட்டுக்கு 185 பேர். இந்த 185 பேர் ஒரு தட்டு, மத்த அத்தனை ஜனமும் இன்னொரு தட்டு, ரெண்டும் சமம்னா என்ன கணக்கு? 2023-ல ஃபின்லாந்துக்காரன் கேரியா ஜனங்ககிட்ட 376 வாங்கினான், ஜூரி 150 குடுத்து மொத்தம் 526-ல நிறுத்திடுச்சு. ஸ்வீடன்காரி லோரீன் ஜூரியோட 340-ஐ வெச்சு 583-க்குப் போயிடுச்சு. அன்னிக்கு நான் குதிச்சப்ப "ரூல்தானே நைனா, பாடப் போறதுக்கு முன்னாடியே தெரியும்தானே"ன்னு சொன்னவ நீ. ராயபுரத்துல பாக்ஸிங் பாத்து வளந்தவ உனக்குத் தெரியாததா? சுத்தி விசில் ஒரு பையனுக்கு, அஞ்சு ஜட்ஜ் மார்க் போடறது இன்னொருத்தனுக்கு. ரெண்டு பேரும் மறுநாள் காலையில அதே ஜிம்முக்குத்தான் வருவாங்க.

இந்த வாட்டி ஆஸ்திரியாக்காரன் ஜேஜே ஜெயிச்சது நியாயம்தான். ஆம்பளை அவ்ளோ மேல போய்ப் பாடறதுல சுருதி கொஞ்சம் நழுவினாலும் ஊருக்கே தெரியும். இந்தப் போட்டியில வாத்தியம் எல்லாம் முன்னாடியே பதிஞ்சதுதான், 1999-லேருந்து ஆர்க்கெஸ்ட்ரா கெடையாது. ஆனா முன்குரல் மட்டும் நேர்ல பாடியே ஆகணும். மூணு நிமிஷத்துக்குள்ள முடிக்கணும், மேடையில ஆறு பேருக்கு மேல கூடாது. அந்தக் குரலை காதுல மாட்டின இயர்போனை மட்டும் நம்பிப் பாடறது லேசுப்பட்ட காரியமா? கடைசியில பீட் இறங்கறது கொஞ்சம் அவசரம், எனக்கு அது ஒட்டல. ஜூரி 258, ஜனங்க 178, மொத்தம் 436. ஜனங்க ஓட்டுல அவன் மொத எடம் கூட இல்ல. 2016-ல உக்ரைன்காரி ஜமாலா ரெண்டு பக்கமும் ரெண்டாவதா வந்து ஜெயிச்சது. 2019-ல நெதர்லாந்துக்காரன் டங்கன் லாரன்ஸும் ரெண்டுலயும் மொத எடம் இல்லாமலேதான் கோப்பையை எடுத்தான். எல்லாத்துலயும் மொதல்ல வந்தாத்தான்னு நீ சின்னதுலேருந்து நெனைக்கறியே, அது யார்கிட்டேருந்து வந்துச்சோ, என்கிட்டேருந்து இல்ல.

அந்தக் கடைசி பத்து நிமிஷத்தை நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தேன். ஜூரியில கீழ இருக்கறவங்களுக்கு மொதல்ல ஜனங்க பாயிண்ட்டைச் சொல்லி மேல ஏறி வருவாங்க. அதனால சுவிஸ் கடைசிக்கு முந்தி. அப்ப மேல இருந்தது இஸ்ரேல், 357. தாண்ட 144 வேணும். சமமா வந்தா பத்தாது, சமம்னா ஜனங்க பாயிண்ட் அதிகமா வாங்கினவங்களுக்குத்தான். பூஜ்யம்னு சொன்னாங்க. கேமரா நேரா அந்தப் பொண்ணு மூஞ்சிக்குப் போவுது பாரு, அது எனக்குப் பிடிக்கவே இல்ல. ஒருத்தருக்கு மார்க் வராத நேரத்துல மூஞ்சியில கேமராவை நீட்டறது என்ன வழக்கம்? எதையும் சொல்லித்தான் ஆகணும்னு யாரும் கேக்கக்கூடாது.

பொங்கலப்ப சொன்னியே, மே கடைசிக்குள்ள தெரிஞ்சிடும்னு, அதை நான் கேக்கல. அம்மா கேக்கச் சொன்னா, மாட்டேன்னுட்டேன். அவ ரெண்டு நாளா என்கூடப் பேசல. கல்மண்டபம் மார்க்கெட்டுல உன்னைப் பத்திக் கேக்கறவங்ககிட்ட "அவ வேலையா இருக்கா"ன்னு மட்டும் சொல்றேன். அது பொய் இல்ல. நீ எங்க இருந்தாலும் வேலையாத்தான் இருப்ப. நம்ம தெருவுலேருந்து அந்த ஊர் வரைக்கும் போனது நீ ஒருத்திதான், அதை எந்த ஜூரியும் திருப்பி வாங்க முடியாது. ஆனா போன் எடுக்காம இருக்கறது தப்பு. பெத்தவங்களுக்கு ஒரு நிமிஷம் பேச முடியாத அளவுக்கு அப்படி என்ன. சரி விடு. சாப்பிடறியா?

ஆஸ்திரியாவைப் பத்தி ஒண்ணு சொல்லணும். 2014-ல கொஞ்சிட்டா ஜெயிச்சு, 2015-ல வியன்னாவுல அவங்களே நடத்தினாங்க. சொந்த வீட்டுல ஆஸ்திரியாவுக்கு மொத்தமே பூஜ்யம். ஜூரி, ஜனங்க, எல்லாம் சேத்து. நடத்தற நாடு அப்படி வாங்கினது அதுதான் மொத தடவை. 2021-ல ராட்டர்டாம்ல நெதர்லாந்துக்கும் ஜனங்க ஓட்டுல முட்டை. அந்த வருஷம் ஜனங்ககிட்ட நாலு நாட்டுக்கு முட்டை, அதுல பிரிட்டனுக்கு ஜூரியும் ஒண்ணும் தரல. இந்த வருஷமும் பிரிட்டனுக்கு ஜனங்ககிட்ட பூஜ்யம், ஜூரி குடுத்த 88-ஓட வீட்டுக்குப் போனாங்க. சுவிஸ் முட்டையோட சேத்தே பத்தாவது எடம். 26-ல பத்து. அதை ஏன் யாரும் பேச மாட்டேங்கறாங்கன்னு எனக்கு விளங்கல.

அடுத்த வருஷம் எப்படியும் ஆஸ்திரியாவுலதான். டிக்கெட் பாசல் மாதிரியே இருந்தா முன்னாடியே பதிவு பண்ணி, குலுக்கல்ல பேர் வந்தாத்தான் வாங்க முடியும். பதிவுத் தேதியைத் தவற விட்டா அவ்ளோதான். கடைசி ராத்திரி டிக்கெட் கெடைக்கலைன்னா வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு வாங்கு. அதே பாட்டு, அதே மேடை, விலையும் கொறச்சல், ஜூரி பாக்கறதும் அதைத்தான். வேலை எந்த ஊர்ல இருந்தாலும் ரயில்ல போயிடலாம். வேலை எந்த ஊர்லயும் இல்லைன்னாலும் போயிடலாம், டிக்கெட் காசு நான் போடறேன்.

உனக்கு சாயங்காலம் 5 மணின்னா எங்களுக்கு எட்டரை. அம்மா ஒன்பதரை வரைக்கும் முழிச்சிருப்பா. ராத்திரி கண் முழிக்காதே. வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன் அந்த ஸ்டீல் பீரோவை வித்துடலாமாங்கறான், வாங்க ஆள் இருக்காம். உன் சர்ட்டிபிகேட் எல்லாம் மேல் தட்டுல இருக்கு, நீ சொல்லாம நாங்க தொட மாட்டோம். விக்கலாமா வேணாமான்னு மட்டுமாவது பதில் போடு.

நைனா