‘ஒழுகுகிறது’ என்று எழுதி மாட்டிக்கொண்டேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

புயலில் கூரை சேதமானால் காப்பீட்டுத் தொகை பெறுவது எப்படி என்று ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படிவம், புகைப்படம், ரசீது என்று பலதும் சொல்லியிருந்தார்கள். ஆனால் என் கிளெய்ம் எதனால் நின்றுபோனதோ, அதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

போன புயலில் எங்கள் ஓட்டுக் கூரையின் முகட்டு ஓடுகள் நான்கு பறந்துவிட்டன. அதையொட்டிப் பத்துப் பன்னிரண்டு ஓடுகள் உடைந்தும் நகர்ந்தும் கிடந்தன. விடியும்போது படுக்கையறையில் மெத்தை, அலமாரித் துணி எல்லாம் ஊறிப்போயிருந்தன. பதற்றத்தில் காப்பீட்டு நிறுவனத்துக்கு நான் தொலைபேசியில் சொன்னது, “கூரை ஒழுகி அறை நனைந்துவிட்டது” என்று. படிவத்திலும் அதையே எழுதிவைத்தேன். முப்பது வருடம் அலுவலகத்தில் அடுத்தவர் கடிதங்களைத் தட்டச்சு செய்து பிழை திருத்திக் கொடுத்தவள் நான். சொந்தக் கடிதத்தில் கோட்டை விட்டேன்.

சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பிய சர்வேயர் வந்தார். அறையின் மேற்பக்கத்தில் இருந்த கறையைப் பார்த்தார், கீழே நின்றபடி கூரையை அண்ணாந்து பார்த்தார், கிளம்பிவிட்டார். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: ஒழுகல் பராமரிப்புக் குறை, பாலிசியில் அடங்காது.

அன்றைக்குத்தான் பாலிசியை முழுசாகப் படித்தேன். (அதுவரை முதல் பக்கத்தில் என் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்ததோடு சரி.) திடீரென்று நேர்ந்த சேதத்துக்குத்தான் பணம், தேய்மானத்துக்கும், ஓடு தாங்கும் ரீப்பர் சட்டம் உளுத்துப்போனதற்கும் கிடையாது. மழைநீர் உள்ளே வந்து கெடுத்த பொருட்களுக்குத் தனியாக ஒரு நிபந்தனை இருக்கிறது. முதலில் காற்று கூரையைப் பிய்த்திருக்க வேண்டும், அந்தத் திறப்பு வழியாகவே தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும். பழைய விரிசலில் புகுந்த தண்ணீர், புயல் அன்றே புகுந்திருந்தாலும் கணக்கில் வராது. விசாரித்துப் பார்த்தால், பல பாலிசிகளிலும் இப்படித்தான் இருக்கிறதாம். காற்று பிய்த்துப்போட்ட கூரையை ‘ஒழுகுகிறது’ என்று எழுதி, பழைய விரிசல் பக்கம் நானே தள்ளிவிட்டிருக்கிறேன்.

மறுபரிசீலனை கேட்டு எழுதினேன். அவர்கள் காட்டிய விதி எண்ணையே மேலே குறிப்பிட்டு, காற்று எந்த நேரத்தில் ஓடுகளைத் தூக்கியது, எந்தப் பக்கம், அதற்கு நேர்கீழே எங்கே தண்ணீர் இறங்கியது என்று வரிசையாக எழுதினேன். அன்றைய காற்றின் வேகம் பற்றிய வானிலைத் துறைப் பதிவையும் இணைத்தேன். தார்ப்பாய் போடுவதற்கு முன்பே என் மகன் ஏணியில் ஏறி ஆறு படம் எடுத்திருந்தான். அப்புறம், உடைந்த ஓடுகளைக் கொட்டப்போன ஆளைத் தடுத்து, அவற்றைக் கொல்லையிலேயே அடுக்கிவைத்திருந்தோம்.

இரண்டாவதாக வந்த சர்வேயர் கூரை மேலேயே ஏறினார். உடைந்த ஓடுகளைக் கையில் எடுத்து முறிந்த விளிம்பைப் பார்த்தார். சுத்தமாக, புது நிறமாக இருந்தால் அண்மையில் உடைந்தது. பாசியும் அழுக்கும் படிந்திருந்தால் பழையது என்றார். கூரையைத் தாங்கும் கைமரத்தில் வளையம் வளையமாகக் கறை இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடினார். பலமுறை நனைந்து காய்ந்த மரம் அப்படித்தான் இருக்குமாம். எங்கள் கைமரத்தில் அது இல்லை.

கிளெய்ம் பாஸானது. கூரையின் வயதுக்கு ஏற்பத் தேய்மானம் கழித்து, முதலில் நாங்கள் ஏற்க வேண்டிய பங்கையும் கழித்துத்தான் கொடுத்தார்கள். அதைக் குறைசொல்ல முடியாது, பாலிசியில் இருப்பதுதான். இடையில் கூரை வேலைக்காரர் ஒருவர் வந்து, “உங்கள் பங்கை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், இந்தத் தாளில் கையெழுத்து மட்டும் போடுங்கள்” என்றார். படித்துப் பார்த்தேன். எங்கள் கிளெய்மையே அவர் பெயருக்கு எழுதிக்கொடுக்கும் தாள் அது. தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

இவ்வளவும் எழுதக் காரணம் உங்கள் கட்டுரையோடு வந்த மாதிரிப் படிவம். அதில் ‘சேதத்தின் விவரம்’ என்ற கட்டத்தில் ‘கூரை ஒழுகல்’ என்று அச்சாகியிருக்கிறது. ‘புயல் காற்றில் ஓடுகள் பெயர்ந்து, அந்தத் திறப்பு வழியாக மழைநீர் புகுந்தது’ என்று திருத்தி அடுத்த இதழில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். பார்த்து அப்படியே எழுதுகிறவர்கள் இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தட்டச்சர் ஒருவர்