உன் கேசட் பெட்டியை இறக்கினேன்

திருச்சி
ஞாயிறு காலை

அன்புள்ள தேன்மொழி,

இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்டால் ‘நன்றாக இருக்கிறேன்’ என்றுதான் சொல்வாய். அதனால் கேட்கவில்லை. குளிரில் கையுறை போடாமல் வெளியே போகாதே.

பரணிலிருந்து உன் கேசட் பெட்டியை இறக்கினேன். அப்பா பழைய டேப் ரெக்கார்டருக்கு பெல்ட் மாற்றிக் கொடுத்தார். மூன்று வாரமாக மத்தியானச் சமையல் முடிந்ததும் உன் கிட்டார்க்காரர் ஜான் மெக்லாஃப்லினைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ கதவைச் சாத்திக்கொண்டு கேட்ட காலத்தில் சத்தத்தைக் குறை என்று கத்தியவள் நான். உள்ளே இருந்தது என்ன என்று ஒருநாளாவது வந்து உட்கார்ந்து கேட்டிருக்கலாம்.

அவருடைய ‘சக்தி’ குழுவின் அந்த முதல் கேசட்டை எத்தனை முறை போட்டேன் என்று கணக்கில்லை. 1975 ஜூலை 5, நியூயார்க் பக்கம் ஒரு கல்லூரியில் வாசித்தது என்று அட்டையில் நீ பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாய். எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபேலா, ராமநாதபுரம் ராகவன் மிருதங்கம், விநாயக்ராம் கடம். இவர்கள் நடுவே ஒரு ஆங்கிலேயர் கிட்டாரோடு உட்கார்ந்து பதினெட்டு நிமிடம் ஒரே உருப்படியை வாசிக்கிறார். வேகத்தை விடு, வேகம் பலருக்கும் வரும். கடம் பேசும்போது அவர் ஒதுங்கிக் கேட்கிறாரே, அதுதான் எனக்குப் பெரிதாகத் தோன்றியது. பக்கவாத்தியம் வாசிப்பவரைக் கேட்கத் தெரியாத பெரிய வித்வான்களை நான் பார்த்திருக்கிறேன்.

மெக்லாஃப்லின் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர் என்று நீ அன்றைக்கே சொன்னாய். நான் காதில் வாங்கவில்லை. இப்போது புரிகிறது. சக்திக்காகச் செய்த கிட்டாரில் மெட்டுகளுக்கு, அதாவது தந்திக்கு அடியில் இருக்கும் குறுக்குக் கம்பிகளுக்கு, நடுவே மரத்தைக் குழிவாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஒலித்துளைக்குக் குறுக்கே மீட்டாமலே கூட அதிரும் ஏழு அனுநாதத் தந்திகள் வேறு. குழிவு இருந்தால் தந்தியை அழுத்தி, இழுத்து, ஸ்வரத்தை வளைப்பது எளிது. வீணையில் மெழுகின்மேல் மெட்டு உயர்ந்து நிற்பதும் அதற்குத்தான். ஆனால் அத்தனை கமகமும் இடது கையின் இரண்டு விரல்மேல்தான் விழும். வாசிப்பவருக்குத் தெரியும், கேட்பவருக்குத் தெரியாது. கையைப் பார்த்துக்கொள்.

போன ஞாயிறு வீடியோவில் மாப்பிள்ளை உனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். நல்ல பிள்ளை.

அவருடைய இன்னொரு குழு, மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா, எனக்கு இன்னும் ஒத்துவரவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். அந்த மின்சார கிட்டார் தலைக்குள் போய்விடுகிறது. ஆனாலும் 1973 கேசட்டில் முதல் உருப்படிக்குத் தொடையில் தாளம் போட்டுப் பார்த்தேன். பதினெட்டு எண்ணிக்கை வருகிறது. பின்னாளில் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷோடு சேர்ந்து தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலைப் பாடமாகவே பதிவுசெய்தவர் அல்லவா! லண்டனிலிருந்து நியூயார்க் போன சில நாட்களில், 1969 பிப்ரவரியில், ஜாஸ் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் அவரைக் கூப்பிட்டு, கிட்டார் வாசிக்கத் தெரியாதவனைப் போல வாசி என்றாராம். இதை நீ சொன்னபோது என்ன பைத்தியக்காரத்தனம் என்றேன். அந்தப் பதிவைக் கேட்டேன். அவ்வளவு பயந்து, அவ்வளவு மெதுவாகத் தொடங்குகிறார். அழகாக இருக்கிறது.

பாக்கோ தெ லூசியா, அல் டி மியோலா இருவரோடும் 1980 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் வாசித்த மூன்று கிட்டார் கச்சேரியை அப்பாவும் உட்கார்ந்து கேட்டார். எனக்கு இரவில் வேண்டியிருப்பது பில் எவன்ஸின் பியானோ இசையைக் கிட்டார்களுக்கு மாற்றிய 1993 பதிவுதான். ஒரே மனிதர்தானா என்று இருக்கிறது.

பிறகு மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வந்து சேர்ந்த சக்தி. அதைக் கேட்கும்போது ஸ்ரீநிவாஸ் போன 2014 செப்டம்பர் நினைவுக்கு வந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். நாற்பத்தைந்து வயது. ஜாகிரும் போய்விட்டார்.

மெக்லாஃப்லினுக்குக் கையில் மூட்டுவாதம் வந்தது உனக்குத் தெரிந்திருக்கும். அவர் மறைக்கவில்லை. பேட்டியில் சொன்னார். 2017இல் அமெரிக்க ரசிகர்களிடம் விடைபெறும் பயணமே நடத்தினார். அப்புறமும் 2023இல், 81 வயதில், சக்தியோடு மேடை ஏறினார். அந்த வருடத்து இசைத்தட்டுக்கு கிராமி கிடைத்தது. சொன்னதால் அவருக்கு எதுவும் குறைந்துவிடவில்லை தேன்மொழி. அவர் பிறந்த டான்காஸ்டர் உன் ஷெஃபீல்டிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்தானாமே. போய்ப் பார்த்தாயா?

நீ அங்கே பிள்ளைகளுக்கு கிட்டார் சொல்லிக்கொடுப்பதை ரேஷன் கடை வரிசையில்கூடச் சொல்லியிருக்கிறேன். ஆனால் பெற்றவளிடம் பத்து நிமிடம் பேச உனக்கு நேரமில்லை. பேசினாலும் மழை, வேலை, மழை. இரண்டு மாதமாக வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அப்பாவுக்கும் நேற்றுத்தான் சொன்னேன்.

அப்பாயி என் வீணையை நிறுத்தவில்லை.

1979. உன் அண்ணன் வயிற்றில். வானொலித் தேர்வுக்குப் பெயர் கொடுத்திருந்தேன். காலையில் எழுந்தால் இடது கை நடுவிரல் மடங்கியே இருக்கும். வலது கையால் பிடித்துத்தான் நிமிர்த்துவேன். டக்கென்று ஒரு சத்தம் வரும். யாரிடமும் சொல்லவில்லை. விரல் போய்விட்டது என்று ஊர் பேசுவதைவிட மாமியார் விடவில்லை என்று பேசுவது எனக்கு மேலாக இருந்தது. எதிர்வீட்டில் அப்படித்தான் சொன்னேன். பிறகு எல்லோருக்கும் அதுவே. நீ ஒன்பதாம் வகுப்பில் கிட்டார் கேட்டு அழுதபோதும் அதைச் சொல்லித்தான் உன்னை வாயடைத்தேன்.

அந்தப் பேச்சு அப்பாயி காதுக்கும் போனது. ஒரு வார்த்தை மறுக்கவில்லை. அந்த வருடம் முழுவதும் ஆட்டுக்கல் பக்கம் என்னை விடாமல் மாவு ஆட்டியது அவர்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மருத்துவரிடம் அப்போதே போயிருந்தால் விரல் சரியாகியிருக்கும். உன் அண்ணிக்கு அதேபோல் வந்து சரியானதே.

காரியத்துக்கு நீ வந்தாய். அப்பாயி படத்துக்குப் பூப் போடவில்லை. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அன்றைக்காவது உன்னைத் தனியே அழைத்துச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. உன் கோபம் என்மேல் வர வேண்டியது. இனிமேல் வரட்டும்.

மாமா மகளுக்கு நிச்சயமாகிவிட்டது. மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

பெரியத்தை பேரன் 14ஆம் தேதி அங்கே வருகிறான். அவனிடம் பருப்புப் பொடியும் ஒரு பாட்டில் தைலமும் கொடுத்தனுப்புகிறேன். இரவில் சூடாக்கித் தடவு. வழியில் சிந்திவிடக் கூடாதென்று மூடியை இறுக்கித் திருகியிருக்கிறேன். நீ திறக்க வேண்டாம். மாப்பிள்ளையைத் திறந்து தரச் சொல்.

அம்மா