போர்ட் டால்பட் வழியாகப் போகும் ரயில்

பாப்பா,

அப்பா எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ என்று பதறாதே. அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. அடுக்களைப் பரணில் பூனை நாலு குட்டி போட்டிருக்கிறது. ஊர்ச் செய்தி அவ்வளவுதான். மீதியெல்லாம் ஒரு நடிகரைப் பற்றி.

போன வாரம் அம்மாவிடம் பேசும்போது ரயில் பயணத்தைப் பற்றிச் சொன்னாய். ஸ்வான்சியிலிருந்து கார்டிஃப் போகும் வழியில் ஒரு பெரிய இரும்பு ஆலை வரும், இப்போது இரும்பு உருக்கும் ஊதுலையில் புகையே இல்லை, பார்க்க என்னவோ போல இருக்கிறது என்றாய். தம்பி உடனே தேடிப் பார்த்தான். ஊர் போர்ட் டால்பட், டாடா கம்பெனி ஆலை, கடைசி ஊதுலை 2024 செப்டம்பரில் நின்றுவிட்டது என்றான். ஊர்ப் பெயரைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினோரு வருடமாக நான் கேட்டுவரும் பெயர் அது.

ஞாயிற்றுக்கிழமை நான் போகும் கூட்டம் உனக்குத் தெரியும். குடியை விட்டவர்களும் விடப் பார்ப்பவர்களும் உட்கார்ந்து பேசும் கூட்டம். அங்கே இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு சார் வருவார். டிசம்பர் 29 வந்துவிட்டால் போதும், ஆண்டனி ஹாப்கின்ஸ் என்ற நடிகரின் கதையைத் தொடங்கிவிடுவார். ஹாப்கின்ஸ் குடியை விட்டது 1975 டிசம்பர் 29. அவரும் நம்மைப் போலக் கூட்டத்துக்குப் போனவர்தான் என்று சார் சொல்லும்போது, ஏதோ சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவது போல இருக்கும்.

ஹாப்கின்ஸ் பிறந்தது அந்த ஆலைக்குப் பக்கத்தில் இருக்கும் மார்கம் என்ற இடத்தில், 1937இல். அப்பா என்ன தொழில் தெரியுமா? பேக்கரி. என்னைப் போல மாவு பிசைந்தவர். எனக்கு அந்த ஒட்டுதல் வந்தது அங்கேதான். பையனுக்குப் படிப்பு சுத்தமாக ஏறவில்லை. மந்தமானவன் என்று பள்ளிக்கூடமே முடிவு கட்டிவிட்டது. விடிகாலையில் எழுந்து அடுப்பு மூட்டும் ஒரு மனுஷனுக்கு இப்படி ஒரு பிள்ளை இருந்தால் ராத்திரி எப்படித் தூக்கம் வரும் என்று எனக்குத் தெரியும். நம் வீட்டில் அது தலைகீழ். பிள்ளை நன்றாகப் படித்தது, தகப்பன்தான் ஏறாத மண்டை.

பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர்தான் ரிச்சர்ட் பர்ட்டன். பெரிய நடிகர். பையனாக இருந்தபோது ஹாப்கின்ஸ் அவரிடம் போய்க் கையெழுத்து வாங்கியிருக்கிறார். அப்புறம் கார்டிஃபில் நாடகப் படிப்பு, பட்டாளத்தில் இரண்டு வருடம், லண்டனில் மறுபடி படிப்பு. 1965இல் பெரிய நாடக நடிகரான லாரன்ஸ் ஒலிவியரே நேஷனல் தியேட்டருக்குக் கூப்பிட்டுக்கொண்டார். ஒரு சமயம் ஒலிவியருக்கு உடம்பு முடியாமல் போக, அவர் வேஷத்தை இந்தப் பையன் கட்டினார். பூனை எலியைக் கவ்விக்கொண்டு போவது போல அந்தப் பாத்திரத்தைக் கொண்டுபோய்விட்டான் என்று ஒலிவியர் எழுதியிருக்கிறாராம். இதைச் சொல்லும்போது சார் வாயைக் கவ்விக் காட்டுவார். பல்செட் ஆடும்.

இவ்வளவு இருந்தும் குடி. 1973இல் ‘மேக்பெத்’ நாடகம் ஓடிக்கொண்டிருக்கும்போதே விட்டுவிட்டு வெளியே போனார். அமெரிக்காவுக்குப் போனார். குடியும் கூடவே போனது. போதையில் நினைவே இல்லாமல் கலிபோர்னியாவில் கார் ஓட்டியிருக்கிறார். யாரையாவது கொன்றிருப்பேனே என்ற பயம்தான் அவரை உதவி கேட்க வைத்தது. நானும் பைக்கை எப்படி வீடு கொண்டுவந்து சேர்த்தேன் என்று தெரியாத ராத்திரிகள் உண்டு. மறுநாள் காலையில் யாருக்கும் தெரியாமல் போய் பைக்கைச் சுற்றிப் பார்ப்பேன், எங்காவது ரத்தம் இருக்கிறதா என்று. இதை இதுவரை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

பர்ட்டனுக்கு அந்தப் பயம் வந்ததோ இல்லையோ. ஏழு முறை ஆஸ்கருக்குப் பெயர் போயும் ஒன்றுகூடக் கிடைக்காமல், 1984இல் 58 வயதில் போய்விட்டார். ஹாப்கின்ஸுக்கு 54 வயதில் கிடைத்தது. ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்’ படத்தில் அவர் திரையில் வருவது ஏறத்தாழ 16 நிமிடம்தானாம். 1992 மார்ச்சில் அந்தப் பரிசை வாங்கும்போது, பதினோரு வருடத்துக்கு முன்னால் இதே ராத்திரியில்தான் என் அப்பா இறந்தார், இதில் அவருக்கும் ஏதோ பங்கு இருக்கலாம் என்றார். அந்த பேக்கரிக்காரர் இதையெல்லாம் பார்க்காமலே போய்விட்டார்.

சார் கதையை எப்போதும் இங்கே நிறுத்திவிடுவார். குடியை விட்டார், ஆஸ்கர் வாங்கினார், எல்லாரும் கை தட்டுங்கள். நானும் தட்டியிருக்கிறேன். அவருக்கு ஒரு மகள் இருப்பது எனக்குத் தம்பி சொல்லித்தான் தெரியும்.

முதல் கல்யாணத்தில் பிறந்த ஒரே பிள்ளை. அவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே ஹாப்கின்ஸ் வீட்டை விட்டுப் போய்விட்டார். பிறகு கொஞ்ச காலம் சேர்ந்திருந்தார்கள். 1993இல் வந்த அவருடைய இரண்டு படங்களில் அந்தப் பெண்ணும் சின்ன வேஷத்தில் வந்தது. அப்புறம் மறுபடி விட்டுப் போனது. 2018இல் ஒரு பேட்டியில், உங்களுக்குப் பேரப்பிள்ளைகள் உண்டா என்று கேட்டதற்கு, தெரியாது என்றிருக்கிறார். அதைப் பற்றிக் கவலையும் இல்லை என்கிற மாதிரிப் பேசியிருக்கிறார்.

தம்பி இதைப் படித்துச் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. பதினோரு வருடமாகக் கை தட்டியதைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாமா என்று இருந்தது. ராத்திரி படுத்த பிறகுதான் வேறு மாதிரி தோன்றியது. இந்தக் குரலை எனக்குத் தெரியும், பாப்பா. நீ விமானம் ஏறிய மறுநாள் அம்மா அழுதுகொண்டிருந்தபோது, ‘போனால் போகட்டும், பேச விரும்பினால் பேசட்டும்’ என்று நான் சொன்ன குரல் அதுதான். வெட்கத்தை மறைக்க ஆம்பிளைகள் போட்டுக்கொள்ளும் சட்டை அது. அவர் அதை இன்னும் நன்றாக நடிக்கத் தெரிந்தவர், அவ்வளவுதான். 2025இல் வந்த தன் வரலாற்றில், மகளுக்கு என் கதவு எப்போதும் திறந்தே இருக்கும் என்று எழுதியிருக்கிறாராம்.

திறந்திருக்கட்டும். ஆனால் அந்தப் பெண் வந்துதான் ஆக வேண்டுமா? இதைத்தான் நான் உன்னிடம் சொல்ல நினைத்தது. உன் நர்சிங் இரண்டாம் வருட ஃபீஸை நான் குடித்தேன். அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. உன் காலேஜ் வாசலில் நான் வந்து நின்ற அந்த மத்தியானம் உனக்கு நினைவிருக்கும், எனக்குப் பாதிதான் இருக்கிறது. குடியை விட்டுப் பதினோரு வருடம் ஆகிவிட்டது, இன்னும் என்ன என்று உன் சித்தப்பா உன்னிடம் கேட்டாராம். அதை நான் கேட்கச் சொல்லவில்லை. நான் குடியை விட்டது என் உயிருக்காக. அதற்கு உன்னிடம் கூலி கேட்க முடியாது.

அவர் நடித்த ‘தி ஃபாதர்’ படத்தைத் தம்பி லேப்டாப்பில் போட்டுக் காட்டினான். எழுத்து ஓட ஓட அவனே அர்த்தம் சொன்னான். அதற்குத்தான் 83 வயதில் இரண்டாவது ஆஸ்கர். பரிசை அறிவித்தபோது மனுஷன் வேல்ஸில் தூங்கிக்கொண்டிருந்தாராம். மறதி நோய் வந்த கிழவர் வேஷம். மகளைக்கூட அடையாளம் குழம்பும். படத்தில் அவருக்குச் சொல்லும் பிறந்த தேதி அவருடைய சொந்தப் பிறந்த தேதியேதான். கடைசியில் அம்மா வேண்டும் என்று சின்னப்பிள்ளை மாதிரி அழுகிறார். அப்போது பக்கத்தில் மகள் இல்லை. ஒரு நர்ஸ்தான் அணைத்துக்கொண்டு, வெயில் நன்றாக இருக்கிறது, பூங்காவுக்குப் போகலாம் என்கிறாள்.

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அழுகிறேன் என்று தம்பி நினைத்தான். நான் உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே எத்தனை கிழவர்களுக்கு நீ இப்படிச் செய்கிறாயோ, யாருடைய அப்பன்களோ. அதில் எனக்குப் பெருமைப்பட உரிமை உண்டா தெரியவில்லை, பட்டுக்கொண்டேன்.

தம்பியின் சிநேகிதன் அடுத்த மாதம் பிரிஸ்டல் வருகிறான். இரண்டு பாக்கெட் ரஸ்க் கொடுத்துவிடுகிறேன், நானே போட்டது. ஏலக்காய் சேர்த்தது உனக்கு, சேர்க்காதது உன்னோடு இருக்கும் பெண்ணுக்கு.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். அம்மாவிடம் பேசும்போது, அப்பாவிடம் கொடு என்று கடமைக்காகச் சொல்லவும் வேண்டாம். அவள் ஸ்பீக்கரில்தான் போடுவாள். நான் பக்கத்துத் திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பேன்.

அப்பா