“உம்”முக்கு ஆண்ட் என்று மட்டும் பொருள் இல்லை: கணினி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னைப் பள்ளிகளில் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணினி அறிவியல் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம்.

பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் இருபத்திரண்டு ஆண்டுகள் மென்பொருள் சோதனையாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது வில்லிவாக்கத்தில் என் வீட்டு முன்னறையில், மாலை வேளைகளில், பதினொன்றாம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்கு நிரலாக்கம் சொல்லிக் கொடுக்கிறேன். முறையான ஆசிரியப் பயிற்சி எனக்கு இல்லை. ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஒரு பாடவேளைக்குள் ஒரு பகுதியை முடித்தாக வேண்டிய உங்கள் நெருக்கடியை நான் அனுபவித்தவனும் அல்லன். ஆகவே இதைக் குறை சொல்லும் கடிதமாகக் கொள்ளாமல், ஒரே ஒரு பாடப்பகுதியைப் பற்றிய வேண்டுகோளாகக் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். தருக்கச் செயற்குறிகள் என்று பாடநூலும், ஆண்ட், ஆர், நாட் என்று பிள்ளைகளும் சொல்கிறார்களே, அவைதாம் பொருள்.

என்னிடம் வரும் பிள்ளைகளில் மெய்ப்பட்டியலை (எப்போது மெய், எப்போது பொய் என்று காட்டும் அட்டவணையை) தவறாக எழுதியவர் இதுவரை ஒருவரும் இல்லை. இரண்டும் மெய்யானால்தான் ஆண்ட் மெய். இரண்டும் பொய்யானால்தான் ஆர் பொய். நாட் போட்டால் மெய் பொய்யாகும், பொய் மெய்யாகும். வாய்ப்பாடு போல ஒப்பிக்கிறார்கள். நீங்கள் நன்றாகக் கற்றுக் கொடுத்திருக்கிறீர்கள் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் ஒரு தமிழ் வாக்கியத்தைக் கொடுத்து, “இதற்கு இஃப் கண்டிஷன் எழுது”, அதாவது நிரல் சோதிக்க வேண்டிய நிபந்தனையை எழுது, என்று சொன்ன மாத்திரத்தில் அதே பிள்ளைகளின் கை தடுமாறுகிறது. தவறு பட்டியலில் நிகழவில்லை, வாக்கியத்திலிருந்து குறியீட்டுக்குப் போகும் வழியில் நிகழ்கிறது. அந்த வழியை எவரும் அவர்களோடு நடந்து காட்டவில்லை என்பதுதான் என் கவலை.

சென்ற மாதம் நடந்ததைச் சொல்கிறேன். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணிப்பது நாம் எல்லாரும் அறிந்தது. பின்னர் திருநங்கையருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது. அதைச் சுருக்கி, “சாதாரணப் பேருந்தில் பெண்களும் மாற்றுத்திறனாளிகளும் கட்டணமின்றிப் பயணிக்கலாம்” என்று பலகையில் எழுதி, நிபந்தனை கேட்டேன். பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி “பெண் ஆண்ட் மாற்றுத்திறனாளி” என்று எழுதினாள். (செயற்குறிகளை இம்மடலில் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், கணினியில் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும். “பெண்” போன்ற மாறிகளின் பெயரைப் பைத்தான் 3 தமிழிலேயே ஏற்றுக்கொள்கிறது.)

“உங்க அம்மா காலையில எந்த பஸ்ல வேலைக்குப் போறாங்க?” என்று கேட்டேன்.

“ஒயிட் போர்டு பஸ்தான் சார். ஃப்ரீ.”

“அவங்க விவரத்தைக் குடுத்துப் பாரும்மா.”

பெண் என்பதற்கு மெய்யும், மாற்றுத்திறனாளி என்பதற்குப் பொய்யும் கொடுத்து நிரலை ஓட்டினாள். “கட்டணம் உண்டு” என்று வந்தது. திரையையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “பெண்களும் மாற்றுத்திறனாளிகளும்னுதானே சார் போட்டிருக்கு? ‘உம்’னா ஆண்ட்தானே?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை, ஏனெனில் அவள் கேட்டது முற்றிலும் நியாயமான கேள்வி. “உம்” இரண்டு கூட்டத்தாரைச் சேர்த்து எண்ணுகிறது, நிபந்தனையோ, வாசலில் நிற்கும் ஒரே ஒருவரைப் பார்த்து, “நீ இந்தக் கூட்டமா, அந்தக் கூட்டமா?” என்று கேட்கிறது. கூட்டங்களைச் சேர்க்கும்போது “உம்” என்று சொல்வதை, ஒருவரைச் சோதிக்கும்போது ஆர் என்று எழுத வேண்டும். “பெண்ணாகவும் மாற்றுத்திறனாளியாகவும் இருப்பவர்” என்று சொன்னால் மட்டுமே அந்த “உம்” ஆண்டாக மாறும். “உம்” என்ற இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் எட்டுப் பொருள் சொல்கிறது. எண்ணும்மை அவற்றுள் ஒன்றுதான். தமிழ் வகுப்பில் எண்ணும்மை, முற்றும்மை, எச்சவும்மை என்று படித்துவிட்டு வரும் பிள்ளைகளிடம், கணினி வகுப்பில் நாம் “உம் என்றால் ஆண்ட்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அந்த மாணவியின் நிரல்படி, மாற்றுத்திறனாளியான பெண்ணைத் தவிர ஊரில் வேறு எவரும் கட்டணமின்றி ஏற முடியாது.

ஆண்டை ஆராக மாற்றிய பிறகு பேருந்தின் வகை நினைவுக்கு வந்து, “சாதாரணம் ஆண்ட் பெண் ஆர் மாற்றுத்திறனாளி” என்று நீட்டினாள். தமிழில் படித்தால் சரியாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் பைத்தானிலும் சி++ மொழியிலும் நாட்டுக்கு முதல் உரிமை, அடுத்தது ஆண்டுக்கு, கடைசியில்தான் ஆருக்கு. ஆகவே கணினி இதைச் சாதாரணப் பேருந்தில் ஏறிய பெண், இல்லாவிட்டால் எந்தப் பேருந்தில் ஏறினாலும் மாற்றுத்திறனாளி என்று பிரித்துக்கொண்டு, குளிர்சாதனப் பேருந்திலும் இத்திட்டத்தை அமல்படுத்திவிடும். “சாதாரணம் ஆண்ட் (பெண் ஆர் மாற்றுத்திறனாளி)” என்று அடைப்புக்குறி போட்டால்தான் வாக்கியத்தில் உள்ளது வரும். முன்னுரிமை வரிசையை மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட, ஆண்டும் ஆரும் ஒரே வரியில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு அடைப்புக்குறி போடு என்று சொல்லிவிடுவது நல்லது என்பது என் கருத்து. தேவையில்லாத அடைப்புக்குறியால் எந்த மென்பொருளும் கெட்டதாக நான் பார்த்ததில்லை.

எதிர்மறைக்கு வருகிறேன்; பாடத்தில் மிகக் கடினமான இடம் இது. “ஆறு பாடத்திலும் 35-க்குக் குறையாமல் எடுத்தவர் தேர்ச்சி” என்ற வாக்கியத்துக்கு எல்லாரும் சரியாக எழுதுகிறார்கள். தோல்விக்கு நிபந்தனை எழுதச் சொன்னால், ஆறு ஒப்பீடுகளிலும் குறியை மட்டும் “< 35” என்று திருப்பிவிட்டு, நடுவே ஆண்டை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதாவது ஆறிலும் கோட்டை விட்டவன் மட்டுமே தோற்றவன். ஐந்தில் தோற்று ஒன்றில் தேறியவன் தேர்ச்சியும் இல்லாமல் தோல்வியும் இல்லாமல் அந்தரத்தில் நிற்கிறான். இதற்கும் காரணம் தமிழ் வாக்கியம்தான். “ஆறு பாடத்திலும் தேறவில்லை” என்று பேச்சில் சொன்னால், ஆறும் போயிற்று என்றே காதில் விழுகிறது. நம் இலக்கண ஆசிரியர்கள் இந்த இடத்தில் கவனமாக இருந்திருக்கிறார்கள்: முற்றும்மை எதிர்மறையோடு சேரும்போது எச்சப் பொருளும் தரும் என்றும், “எல்லாரும் வந்திலர்” என்றால் சிலர் வந்தனர் என்று கொள்ள இடமுண்டு என்றும் சொல்லியிருக்கிறார்கள். “ஆறிலும்” என்ற முற்றை மறுத்தால் “ஏதேனும் ஒன்றிலாவது” என்று வருவதைத்தான் பாடநூல் டி மார்கன் விதி என்கிறது: ஆண்டை மறுத்தால் உள்ளே ஒவ்வொன்றும் மறுபடும், ஆண்ட் ஆராக மாறும்.

அந்த அகஸ்டஸ் டி மார்கன் 1806 இல் மதுரையில் பிறந்தவர் என்பதை என் மாணவர்கள் நம்ப மறுத்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்த ஒருவரின் மகன். கைக்குழந்தையாகவே இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1828 இல் லண்டனில் புதிதாகத் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரானார். அவருக்கு மதுரைத் தமிழ் தெரிந்திருக்க வழியில்லை. அவர் பெயரால் வழங்கும் விதியும் இடைக்கால ஐரோப்பியத் தருக்கவாணர்கள் சொற்களில் அறிந்திருந்ததே. ஆயினும், ஜார்ஜ் பூல் 1854 இல் மெய், பொய்த் தருக்கத்தைக் கணிதமாக எழுதியது, 1937 இல் கிளாடு ஷானன் அதை மின்சுற்றுகளுக்குப் பொருத்தியது என்று வரலாறு சொல்லும் வகுப்பில் மதுரையையும் ஒரு வரி சேர்த்துக்கொண்டால், பின் வரிசையில் தூங்குகிறவனும் நிமிர்ந்து உட்காருகிறான். நான் கண்டதைச் சொல்கிறேன்.

இந்தப் பிழை பள்ளியோடு போவதில்லை. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், பதிவை ரத்து செய்தவர்களுக்கும் பணி முடிந்துவிட்டவர்களுக்கும் நினைவூட்டுக் குறுஞ்செய்தி போகக்கூடாது என்பது விதி. எழுதியவர் “நிலை != ரத்து ஆர் நிலை != நிறைவு” என்று எழுதியிருந்தார் (!= என்றால் சமமில்லை). எந்த நிலையும் ஒரே நேரத்தில் இரண்டாகவும் இருக்க முடியாது என்பதால், இரண்டு ஒப்பீட்டில் ஒன்றாவது எப்போதும் மெய். அனைவருக்கும் செய்தி போயிற்று, ரத்து செய்தவர்கள் உட்பட. அதைச் சோதித்து அனுமதித்தவன் நான். நான் தேர்ந்தெடுத்த சோதனைத் தரவில் ரத்தானவர் ஒருவர்கூட இல்லை. அன்று இரவு பத்தரை மணி வரை மன்னிப்புச் செய்தி அனுப்பிக் கொண்டிருந்தோம்.

மொழி மாறுவதால் வரும் சிக்கலும் உண்டு. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைத்தான். “35 <= மதிப்பெண் < 60” என்பதைப் பைத்தான் நாம் நினைத்தபடியே புரிந்துகொள்கிறது. சி++ மொழியோ முதல் ஒப்பீட்டின் விடையான 0 அல்லது 1 ஐ எடுத்து, அது 60-க்குக் குறைவா என்று பார்க்கிறது. விடை எப்போதும் மெய்தான். மறுபுறம், பைத்தானில் “கிழமை == 'சனி' ஆர் 'ஞாயிறு'” (== என்றால் சமமா என்ற சோதனை) என்று எழுதிய பையனுக்கு வாரம் முழுவதும் விடுமுறையாகிவிட்டது. ஆருக்கு வலப்பக்கம் தனியாக நிற்கும் 'ஞாயிறு' வெற்றுச் சரமாக (எழுத்தே இல்லாத சொல்லாக) இல்லாததால் அதையே மெய் என்று பைத்தான் எடுத்துக்கொள்கிறது. தமிழில் “சனி அல்லது ஞாயிறாக இருந்தால்” என்று கிழமையை ஒருமுறை சொன்னால் போதும். நிரலில் “கிழமை ==” என்பதை இரண்டு தரமும் எழுத வேண்டும்.

மெய்ப்பட்டியலால் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. பூலியன் இயற்கணிதத்தில் இடம் மாற்றினாலும் ஆண்ட் செயற்குறியின் விடை மாறாது என்று படிக்கிறார்கள். நிரலில் வரிசை முக்கியம். “எண்ணிக்கை != 0 ஆண்ட் மொத்தம் / எண்ணிக்கை > 50” என்பதில் எண்ணிக்கை பூச்சியமானால் கணினி முதல் பகுதியோடு நின்றுவிடும். திருப்பி எழுதினால் பூச்சியத்தால் வகுக்கப் போய், நிரல் பாதியில் விழும். இதைக் கரும்பலகையில் விளக்கவே வேண்டாம், இரண்டு விதமாகவும் ஓட்டிக் காட்டினால் போதும்.

“18 வயது நிரம்பிய”, “18 வயதுக்கு மேற்பட்ட” என்பவற்றின் வேறுபாடும் இப்பாடத்தைச் சேர்ந்ததே. முன்னதில் சமக்குறி உண்டு, பின்னதில் இல்லை. அரசு அறிவிப்புகளின் தமிழ் இந்த வகையில் நல்ல பயிற்சிக் களம்.

என் வேண்டுகோள் இதுதான். செயற்குறிகளின் அட்டவணைக்கு முன்பாக இரண்டே பாடவேளைகளைத் தமிழ் வாக்கியங்களுக்குக் கொடுங்கள். பேருந்து, குடும்ப அட்டை, நூலக உறுப்பினர் விதி, தேர்ச்சி விதி என்று பிள்ளைகள் அறிந்த வாக்கியமாக இருக்கட்டும். நிபந்தனை எழுதுவதற்கு முன்பே, யார் யாருக்கு மெய் வர வேண்டும், யார் யாருக்குப் பொய் வர வேண்டும் என்று நான்கு ஆட்களையாவது எழுதச் சொல்லுங்கள். எல்லைக்கோட்டில் நிற்கும் ஒருவர் அந்த நால்வரில் இருந்தாக வேண்டும். மாதத் தேர்வில், ஆண்ட் செயற்குறியின் மெய்ப்பட்டியலை வரைக என்று கேட்கும் இடத்தில் ஒருமுறை இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ஒரு வாக்கியம், அதற்கு ஒரு மாணவர் எழுதிய தவறான நிபந்தனை, அந்த நிபந்தனை யாருக்கு அநீதி செய்கிறது? கடைசிக் கேள்விக்கு விடை எழுத மெய்ப்பட்டியலும் வேண்டும், தமிழும் வேண்டும்.

மூன்றாண்டுகளாக இப்படிச் சேர்த்த வாக்கியங்களை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், பிள்ளைகள் செய்த பிழைகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. எந்தப் பள்ளியாவது கேட்டால், என் செலவில் நகல் எடுத்து நேரில் கொண்டுவந்து தருகிறேன். முதல் பக்கத்தில் இருப்பது அந்த மாணவியின் அம்மா ஏறும் பேருந்து.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற மென்பொருள் சோதனையாளர் ஒருவர்,
வில்லிவாக்கம், சென்னை