யாருக்கு நிலம்?

அன்புள்ள செல்வம்,

இத்தனை நாள் பதில் போடாததற்கு முதலில் திட்டிவிடு, அப்புறம் மேலே படி. இங்கே எல்லோரும் நலம். அக்காவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி.

ஏரிக்கரை நிலம் விலைக்கு வருகிறது, நீயே வாங்கிப் போடு என்று எழுதியிருந்தாய். என்னால் முடியாதடா. வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியன் இந்தியாவில் வீடு வாங்கலாம், மனை வாங்கலாம். விவசாய நிலத்தை விலைக்கு வாங்க மட்டும் ஃபெமா என்ற நம் அந்நியச் செலாவணிச் சட்டத்தின் விதிகள் விடாது. அப்பா பங்கு வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஆனால் இந்த டெக்சாஸில், கிரீன் கார்டு இருப்பதால், நாளைக்கே நான் நூறு ஏக்கர் வாங்கலாம்.

என்னோடு வேலை பார்க்கும் சீன நண்பனால் அது முடியுமா என்றுதான் தெரியவில்லை. ஆஸ்டினுக்கு வெளியே கொஞ்சம் நிலம் வாங்கி பீக்கான் என்ற கொட்டை மரம் வைக்க அவனுக்கு ஆசை. 2025 செப்டம்பர் 1 முதல் இங்கே எஸ்.பி. 17 என்ற சட்டம் அமலில் இருக்கிறது. சீனா, ஈரான், வட கொரியா, ரஷ்யாவை நிரந்தர இருப்பிடமாகக் கொண்டவர்கள் நிலம் வாங்க அது தடை போடுகிறது. அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் விலக்கு. அவனோ வேலை விசாவில் இருப்பவன். வக்கீல் இப்போதைக்குப் பொறு என்கிறாராம். இன்னொரு விஷயம், பட்டியலில் வேறு நாடுகளைச் சேர்க்கும் அதிகாரம் கவர்னருக்கு உண்டு. அதைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வடக்கு டகோட்டாவில் கிராண்ட் ஃபோர்க்ஸ் விமானப்படைத் தளத்துக்கு அருகில் இருக்கும் ஊரில், ஃபூஃபெங் என்ற சீனக் கம்பெனி 370 ஏக்கர் வாங்கிச் சோள ஆலை கட்டப் போனது. விமானப்படை எச்சரித்த பிறகு, 2023இல் நகர மன்றம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அது நியாயம்தான். ஆனால் அமெரிக்காவில் வெளிநாட்டவர் கையில் இருக்கும் விவசாய நிலத்தில் அதிகம் வைத்திருப்பவர்கள் கனடாக்காரர்கள். சீனர்களுடையது ஒரு சதவீதம்கூட இல்லை.

நிலம் வாங்குவது பற்றிய கலிஃபோர்னியாவின் 1913ஆம் வருடச் சட்டத்தையும் படித்தேன். அதில் எந்த நாட்டின் பெயரும் இல்லை, 'குடியுரிமை பெறத் தகுதியில்லாத அந்நியர்' நிலம் வாங்கக் கூடாது என்று மட்டும் இருந்தது. முதலில் அடிபட்டது ஜப்பானியர். 1923இல் பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியரின் குடியுரிமை வழக்கில், இந்தியர்கள் வெள்ளையர் அல்ல, குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதனால் கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் பஞ்சாபி விவசாயிகள் தாங்கள் உழுத நிலத்தை நம்பிக்கையான அமெரிக்கர்கள் பெயரிலும், அங்கே பிறந்த பிள்ளைகள் பெயரிலும் எழுதி வைத்தார்கள். கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாதென்று சொல்ல 1952 ஆயிற்று. வருடக்கணக்கில் அடுத்தவர் பெயரில் உழுதவர்களை நினைத்தால் மனசு ஆறவில்லை.

ராணுவத் தளத்துக்குப் பக்கத்தில் விற்காதே என்று சொல்லட்டும். வாங்கும் கம்பெனிக்குப் பின்னால் யார் என்று தோண்டிக் கேட்கட்டும். பத்து மரம் வைக்க ஆசைப்படுகிறவனை எந்த நாட்டிலிருந்து வந்தான் என்று பார்த்து நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நம் பக்கம் வெளியூர்க் கம்பெனி நிலத்தை வளைத்தபோது முதலில் சண்டைக்குப் போனவன் நீ. அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். அந்தக் கம்பெனியையும் என் நண்பனையும் ஒரே தராசில் வைக்கலாமா? உட்கார்ந்து, நாலு பக்கமாவது எழுது. வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைக் காட்டித் தப்பிக்காதே.

அன்புடன்,
ரவி