அப்பா போர்வையில டிக்கெட் கிழிச்ச ராத்திரிகள்ல கூட இருந்தவங்களுக்கு

அப்பா வீட்டுக்கு வந்து இன்னையோட மூணு வாரம் ஆச்சு, இப்பதான் உக்காந்து எழுத முடியுது. சாமிக்கு கோயில்ல சொல்லிக்கிறேன், இது மனுஷங்களுக்கு.

அப்பாவுக்கு மைலோமா, அதாவது எலும்பு மஜ்ஜைல வர்ற ஒரு ரத்தப் புத்துநோய், 62 வயசு, அரசு பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. அவரோட சொந்த ஸ்டெம் செல்லயே (ரத்தம் உண்டாக்குற மூல செல்லு) எடுத்து வச்சிக்கிட்டு, மெல்ஃபலான்ங்கிற கீமோ மருந்த பெரிய டோஸ்ல குடுத்து, அப்பறம் திருப்பி ஏத்துற ட்ரான்ஸ்ப்ளாண்ட். வாய்ப்புண்ணு வரும், முடி கொட்டும், காய்ச்சல் வரும்னு சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கு, புத்தி தடுமாறும்னு சொல்லியிருந்தாலும் அன்னைக்கு என் காதுல ஏறியிருக்காது.

மொத நன்றி ரூம் க்ளீன் பண்ண வர்ற அக்காவுக்கு. செல் ஏத்துன ஆறாவது நாள் அப்பா பேச்ச கொறச்சிட்டாரு, கூரையவே பாத்துக்கிட்டு கெடந்தாரு, வலி அசதின்னு நானும் விட்டுட்டேன். அக்காதான் மாப் போட்டுக்கிட்டே "ஐயா தெனமும் சாப்டியாம்மான்னு கேப்பாரு, இன்னைக்கு என்னைய யாரோ மாதிரி பாக்குறாரு, டாக்டர்கிட்ட சொல்லும்மா"ன்னாங்க. டாக்டர் வந்து கிழமைய சனில இருந்து பின்னாடி சொல்ல சொன்னாரு. சனி, வெள்ளி... அதோட நின்னுருச்சு. திடீர்னு புத்தி தடுமாறுற இதுக்கு டெலிரியம்னு பேராம். டெலிரியம்னா கத்துவாங்கன்னுதான் நாம நெனக்கிறோம், இப்படி சத்தமே இல்லாம வர்றதுதான் யார் கண்ணுக்கும் படாம போயிருமாம்.

அன்னைக்கு ராத்திரி சத்தமும் வந்துச்சு. ரூமு பஸ் ஆயிருச்சு. போர்வை ஓரத்த டிக்கெட் கட்டு மாதிரி புடிச்சு ஒவ்வொண்ணா கிழிச்சு காத்துல நீட்டுறாரு, கட்டைவிரல நாக்குல தொட்டதும் புண்ணு எரிஞ்சு சுருக்குன்னு கைய இழுக்குறாரு, மறுபடியும் அதே. "படியில நிக்காதம்மா உள்ள போ"ன்னு ட்ரிப்ஸ் ஸ்டாண்ட அதட்டுறாரு. நெஞ்சுல மருந்து ஏத்த போட்டிருந்த ட்யூப புடுங்கப் போனப்ப நைட் டூட்டி சிஸ்டர் கைய புடிச்சாங்க, அவங்கள சொல்லக்கூடாத வார்த்தையில திட்டிட்டாரு. நான் அழுதுக்கிட்டே இது பஸ் இல்லப்பான்னு மல்லுக்கட்ட, சிஸ்டர் "வாதாடாதீங்க, ஆமான்னும் சொல்லாதீங்க"ன்னுட்டு அப்பாகிட்ட "இது ஆஸ்பத்திரி, மணி ரெண்டு, நான் சிஸ்டர், உங்க மக பக்கத்துல இருக்கு"ன்னு அதையே விடியிற வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாங்க, ஒரு தடவகூட குரல் ஏறல.

காரணம் ஒண்ணு இல்லயாம். காய்ச்சலுக்கு போட்ட செஃபிபீம்ங்கிற ஆன்டிபயாடிக், கிட்னி வீக்கா இருந்தா ஒடம்புல தேங்கி மூளைய கொழப்புமாம், மைலோமாவால அப்பா கிட்னி ஏற்கனவே அடி வாங்கினது. வாய்ப்புண்ணு வலிக்கு குடுத்த மார்ஃபினும் அப்படித்தான். இது போக, பாவம் தூங்கட்டுமேன்னு நான் கெஞ்சி வாங்குன தூக்க மாத்திரை வேற. அத சொல்லும்போது டாக்டர் என்னைய குத்தவாளி ஆக்காம சொன்னாரு பாருங்க, அதுக்கு தனி நன்றி. சியாட்டில்ல ட்ரான்ஸ்ப்ளாண்ட் பேஷண்டுங்கள தொடர்ந்து கவனிச்ச ஆய்வுல மொத மாசத்துல ஏறக்கொறைய பாதிப்பேருக்கு இந்த டெலிரியம் வந்திருக்குன்னும் சொன்னாரு, அப்பறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. மருந்துகள மாத்துனாங்க, மாத்திரைய நிறுத்துனாங்க.

இன்ஃபெக்‌ஷன் பயத்துல நான் பைக்குள்ள போட்டு வச்சிருந்த கண்ணாடியையும் காது மெஷினையும் தொடச்சு மாட்டிவிட்ட பிசியோ தம்பி, எதுத்த சுவத்துல பெரிய கடிகாரம் மாட்டுன அண்ணன், ராத்திரி பத்து மணிக்கு வந்து பிளேட்லெட் குடுத்துட்டு ஜூஸ்கூட குடிக்காம ஓடுன காலேஜ் பசங்க, எல்லாருக்கும் நன்றி. காத்து கருப்பா இருக்கும் தாயத்து அனுப்பவான்னு கேட்ட பெரியம்மாவுக்கும்தான், அக்கறைல கேட்டது, ஆனா வேணாம் பெரியம்மா.

பன்னெண்டாவது நாள் ரத்த அணுக்களோட கவுண்ட் ஏற ஆரம்பிச்சது, அப்பாவும் கொஞ்சம் கொஞ்சமா தெளிஞ்சாரு. எல்லாம் மறந்திருப்பாருன்னு நெனச்சேன். போன வாரம் சாப்ட்டுக்கிட்டு இருக்கும்போது தலைய தூக்காம கேட்டாரு, "அந்த புள்ளைய நான் ரொம்ப பேசிட்டேன்ல?" நான் பதில் சொல்லல. சிஸ்டர், இத நீங்க படிச்சா, அப்பா மன்னிப்பு கேக்க சொன்னாரு. அடுத்த செக்கப்புக்கு வரும்போது நேர்லயும் கேப்பாராம்.