பூட் பயாஸைத் துப்புரவாக்கக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

கியூஎமு என்பது ஒரு கம்பியூட்டரை மென்பொருளாலேயே போலச்செய்து ஓட்டும் நிரல். அதன் எஸ்390 (ஐபிஎம்) மெயின்பிரேமில் முதலில் ஓடி, டிஸ்க்கிலிருந்து இயங்குதளத்தை எழுப்பும் பூட் பயாஸ் இருக்கிறதல்லவா, அதன் எங்கள் பிரதியைத் துப்புரவாக்கி முடித்துவிட்டோம். உதவிய எல்லோருக்கும் நன்றி. யார் எதைப் பிடித்தார் என்பதையும் எழுதிவைக்கிறோம்; இல்லாவிட்டால் அடுத்து வருபவர் அதே வரியைத் "திருத்தி" உடைப்பார்.

உவர்மலைத் தங்கச்சிக்கு முதல் நன்றி. டிஸ்க்கில் பிழை கண்டதும் பானிக் அடித்து (இனித் தொடரமுடியாது என்று) மெஷினை நிறுத்திய இடங்களை, பிழையைத் திருப்பி அனுப்புமாறு மாற்றினோம். அப்போதுதான் அடுத்த டிஸ்க்கை முயன்று பார்க்கலாம். சின்ன வேலை போலத்தான் இருந்தது. ஆனால் டிஸ்க்கில் வாசிக்கும் இடத்தைச் சொல்லும் புளொக் எண் குறியில்லாத (மைனஸே இல்லாத) 64 பிற். அதில் மைனஸ் ஒன்றைப் போட்டுவிட்டு "பூச்சியத்திலும் குறைவா?" என்று கேட்டால், எந்நாளும் இல்லை என்றே பதில் வரும். பிழை பென்னாம்பெரிய புளொக் எண்ணாகி, வாசிப்பு எங்கோ போய் விழும். போதாததற்கு, "புளொக் இல்லை" என்பதற்கு மைனஸ் ஒன்று ஏற்கனவே பிடிபட்டிருந்தது. பிழைக்கென்று மைனஸ் இரண்டைத் தனிப் பெயரோடு ஒதுக்கச் சொன்னது தங்கச்சிதான்.

கிண்ணியா அண்ணா அசெம்பிளி மொழியில் எழுதிய பகுதியை வரி வரியாக வாசித்தார். பிஎஸ்எஸ் பகுதியை (தொடக்கத்தில் பூச்சியமாக இருக்கவேண்டிய நினைவகத்தை) துடைக்குமுன் நீளத்தில் ஒன்றைக் கழிக்கும் வரியை, வீண் என்று நினைத்து அழித்திருந்தோம். துடைக்கும் எக்ஸ்சி கட்டளையில் நீளம் 8 பிற்: 0 என்றால் 1 பைற், 255 என்றால் 256 பைற். கழிக்காவிட்டால் எல்லைக்கு அப்பால் ஒரு பைற் அழியும். அங்கே ஒன்றும் இல்லாதவரை எந்தப் பரிசோதனையிலும் இது பிடிபடாது.

கொம்பைல் செய்யும் விதிகள் உள்ள மேக்பைலில் கை வைக்கவேண்டாம் என்று தடுத்த ரீச்சருக்கும் நன்றி. மெயின்பிரேம் தன் முக்கியத் தகவல்களை வைக்கும் நினைவகப் பகுதியான லோகோர் 0 ஆம் முகவரியில்தான் தொடங்குகிறது; நல் பொயின்டரும் அதே 0தான். நல் பொயின்டர் சோதனைகளை நீக்காதே என்ற தெரிவை அங்கிருந்து அகற்றிவிட்டால் ஜிசிசி கொம்பைலர் தன் பாட்டுக்கு அவற்றை வெட்டிவிடும்.

டிஸ்க் லேபலில் உள்ள நான்கு எழுத்தும் (VOL1) ஐபிஎம் மெயின்பிரேமின் எழுத்துக் குறியீடான எப்சிடிக்கில் 229, 214, 211, 241 என்று தாளில் எழுதித் தந்த தம்பி, அந்தத் தாள் இன்னும் மொனிட்டரில் ஒட்டியபடி இருக்கிறது.

நிலாவெளி நண்பரின் பழைய லப்டொப்பில்தான் கடைசிச் சோதனை: பூட் வரிசையில் முதலாவது வெற்று டிஸ்க், இரண்டாவது டெபியன் லினக்ஸ். முதலாவதுக்குப் பிழைச் செய்தி வந்தது. பிறகு டெபியன் எழும்பியது.

இப்படிக்கு,
பயாஸ் வேலை செய்தவர்கள், திருகோணமலை